முள்காட்டுக்கு முடி வெட்டியவர்கள்

பாளையம்பட்டிக்குத் தெற்கே தங்கத்தாய்க்கு ஒரு கிணற்றுத் தோட்டமும், அதை ஒட்டி மூன்று ஏக்கர் முள்காடும் இருந்தன. தோட்டத்தை யாரும் விலைக்குக் கேட்டதில்லை. முள்காட்டைத்தான் கேட்டார்கள். விடத்தலை, உடை, காரை, சூரை, இலந்தை என்று ஆள் நுழைய இடமில்லாமல் அடைந்து கிடந்த காடு அது. முள்மரம் வெட்டிக் கரிமூட்டம் போடுகிற பால்சாமி கோடை பிறந்தால் வந்துவிடுவார். வெட்டி எறிந்துவிட்டுப் பருத்தி போட்டால் என்ன என்று அவள் கொழுந்தன் கேட்டுக்கொண்டே இருந்தான்.

தங்கத்தாய் ஆளுக்கு ஒரு காரணம் சொல்லி அனுப்பினாள். பால்சாமியிடம், உள்ளே நல்லபாம்பு குடும்பத்தோடு இருக்கிறது என்றாள். கொழுந்தனிடம், அது அப்பா கொடுத்த சீதனம், கை வைத்தால் பிறந்த வீட்டார் கம்பெடுத்து வருவார்கள் என்றாள். பஞ்சாயத்து ஆள் வந்தபோது உள்ளே இருளப்பசாமி இருக்கிறார் என்றாள்.

"கல்லு ஒண்ணையும் காணோமே" என்றார் அவர்.

"அவுக கல்லு கேக்கல. ஒங்களுக்கு என்ன?"

ஒரே சரக்குக்கு வருகிறவன் முகத்தைப் பார்த்து விலை சொல்வது கடைத்தெருவில் எல்லோருக்கும் தெரிந்த வித்தைதான். அதே வித்தையை விற்காமல் இருப்பதற்குப் பயன்படுத்திய ஒரே ஆள் தங்கத்தாய்.

எழுபத்து நாலில் நூல் விலை ஏறிப்போய் அருப்புக்கோட்டையில் பாதித் தறிகள் சும்மா நின்றன. அப்போதுதான் நெசவாளி ரங்கராஜ், தன் தெருவில் வேலையில்லாமல் இருந்த பதினாலு குடும்பங்களுக்காகத் தங்கத்தாயின் வாசலுக்கு வந்து நின்றார். தரிசாகக் கிடந்த கிணற்றுத் தோட்டத்தைக் கொடுத்தால் எல்லோருமாகச் சேர்ந்து காய்கறி போட்டுச் சாப்பிட்டுக்கொள்கிறோம் என்று கேட்க வந்தார். ஜவுளிக்கடை முதலாளிகளோடு இருபது வருஷம் கூலிக்கு மல்லுக்கட்டியவர். சொல்ல வேண்டியதையெல்லாம் வழியிலேயே அடுக்கிக்கொண்டு வந்திருந்தார். அதில் பாதிக்கு மேல் வேலையே இல்லாமல் போயிற்று.

"எடுத்துக்கோங்க செட்டியாரே. குத்தகை வேண்டாம். எங்க வீட்டுக்கு அன்னன்னைக்கு ஒரு கூடை காய் போதும். தண்ணி எறைக்கக் கமலைக்கு மாடும் தாரேன்" என்றாள் தங்கத்தாய். "ஆனா ரெண்டு பேச்சு. மூட்டை உரம், டப்பா மருந்து ரெண்டும் என் மண்ணுல விழக்கூடாது. அந்தக் கெணத்துத் தண்ணியத்தான் நான் குடிக்கேன். அடுத்தது, காட்டுல ஒரு குச்சி ஒடியக்கூடாது. தழை உரத்துக்குக் கொழிஞ்சி வேணும்னா ஓரத்துல பிடுங்கிக்கிடுங்க. மரத்துல கை வச்சா அன்னைக்கே தோட்டத்தக் காலி பண்ணிரணும்."

"காட்ட என்னக்கா செய்யப் போறீக?"

"அது கெடந்துட்டுப் போகுது. ஒங்களுக்கு அது குறுக்கயா நிக்குது?"

பேரம் பேசாமல் கிடைத்த பொருளில் எங்கேயோ சொத்தை இருக்கும் என்பது ரங்கராஜின் அனுபவம். வீடு வரைக்கும் யோசித்துக்கொண்டே போனார். சொத்தை தட்டுப்படவில்லை.

நெசவாளிகள் நிலத்தில் இறங்கியதைப் பார்க்க வண்டிக்காரர்கள் வண்டியை நிறுத்தினார்கள். காரணம் உண்டு. இவர்கள் நூல் கட்டிப் பாத்தி போட்டார்கள். கத்தரி, வெண்டை, சீனியவரை எல்லாம் தறியில் ஏற்றிய பாவு நூல் மாதிரி விறைப்பாக வரிசையில் நின்றன. பயிர் தவிர ஒரு புல் தலை நீட்டினால், துணியில் தும்பு கண்டவர்கள்போல ஓடிப்போய்க் கிள்ளினார்கள்.

"என்ன செட்டியாரே, வெள்ளாமைக்குக் கஞ்சி போடுறீகளா?" என்று ஒரு வண்டிக்காரர் கேட்டார்.

உண்மையிலேயே போட்டார்கள். பாவுக்குப் போட்டு மிஞ்சிய கஞ்சித் தண்ணீரை ஓடிக்கொண்டிருந்த சில தறிக்காரர்களிடம் வாங்கிவந்து, ஆட்டுப் புழுக்கையும் கொழிஞ்சித் தழையும் நிரப்பிய குழியில் ஊற்றினார்கள். குழி நாலு தெருவுக்கு நாறியது. தை மாதம் காய் பிடித்தபோது, கிண்டல் செய்த வண்டிக்காரரே மடியை விரித்துக்கொண்டு வந்து நின்றார். பதினாலு வீட்டிலும் குழம்பில் காய் மிதந்தது. தறி நின்றுபோன வருஷத்தில் அது லேசான சங்கதி இல்லை.

ரங்கராஜுக்கு ஒரே ஒரு குறை. தோட்டத்தின் மேற்கு ஓரம், காடு முடிகிற இடம், கோணல். ஓரிடத்தில் சூரைப் புதர் உள்ளே வந்திருந்தது. இன்னோர் இடத்தில் விடத்தலை வயிறு தள்ளி நின்றது. ரங்கராஜ் தலையைச் சாய்த்து ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார். முதலாளிகள் சேலையை மடிப்புப் பிரித்துக் கரையைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்ப்பார்களே, அந்த மாதிரி. கரை ஒரு நூல் கோணினால் சேலையே கழிவு. இருபது வருஷம் அந்தப் பார்வைக்கு முன்னால் நின்று நின்று அவருக்கே அந்தப் பார்வை வந்துவிட்டது. மதியம் கஞ்சி குடிக்கும்போது மேற்கே பார்த்தால் அவருக்கு இறங்காது.

மாசியில் மகள் பிரசவத்துக்காகத் தங்கத்தாய் திருச்சுழிப் பக்கம் போனாள். அவள் போன பஸ்ஸின் புழுதி அடங்கவில்லை, ரங்கராஜ் மடியிலிருந்து நூல்கண்டை எடுத்தார். தெற்கு மூலையில் ஒரு குச்சி, வடக்கு மூலையில் ஒரு குச்சி. நூலை இழுத்துக் கட்டியதும் ஐந்து செடிகள் நூலுக்கு இந்தப் பக்கம் நின்றன.

"வேண்டாங்க" என்றாள் அவர் மனைவி சௌடேஸ்வரி. "அந்த அக்கா அம்புட்டுத் தெளிவா சொல்லிட்டுப் போயிருக்காக."

"காட்ட யாரு வெட்டுறா? ஓரத்த நேராக்குறோம். அவுகளே வந்து பாத்துட்டு, அட, நல்லாருக்கேம்பாக."

அதற்கு மேல் சௌடேஸ்வரி வீட்டுப் பாஷையான கன்னடத்துக்கு மாறினாள். திட்டுவதற்கு அவளுக்கு அதுதான் வசதி. ஆனால் மற்ற குடும்பத்தாரும் நெசவாளிகள். நூல் கட்டி நிற்பதைப் பார்த்துவிட்டார்கள். நேரான ஒன்றைக் கண்ணில் காட்டிவிட்டுக் கோணலோடு இருக்கச் சொன்னால் அவர்களால் முடியுமா? அன்றே கோடாலி வந்தது. சூரைக்குள்ளிருந்து இரண்டு கௌதாரிகள் காலடியில் வெடித்த மாதிரி கிளம்பிப் போயின. சாயங்காலம் எல்லோரும் தெற்கு மூலையில் வரிசையாக நின்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்கள். கரை நூல் பிடித்தாற்போல இருந்தது. சென்னகேசவன் என்ற இளவட்டம் விசிலடித்தான்.

வெட்டியதில் உயரமான விடத்தலையின் உச்சியில் ஒரு கரிச்சான் குருவி எப்போதும் உட்கார்ந்திருக்கும். கத்தரிப் பாத்திமேல் ஏதாவது பூச்சி பறந்தால் பாய்ந்து பிடித்துவிட்டு, திரும்பி அதே கொப்புக்கு வரும். மரம் போனபிறகு ஓரிரு நாள் கிணற்று மேட்டைச் சுற்றிப் பார்த்தது. அப்புறம் வேறு வேலைக்குப் போய்விட்டது. அதை யாரும் கவனிக்கவில்லை. கூலியாளாக இருந்தால் கணக்குத் தீர்க்க வந்திருப்பான், அப்போதாவது தெரிந்திருக்கும்.

அடுத்துக் கத்தரியில் புழு விழுந்தது. முன்பு கூடைக்கு ஒன்றிரண்டு சொத்தை இருந்த இடத்தில், இப்போது நல்ல காயைத் தேட வேண்டியிருந்தது.

டவுனில் மருந்துக்கடை வைத்திருந்த இன்பராஜுக்கு எப்படியோ விஷயம் எட்டியது. சைக்கிளில் வந்து வரப்பில் கால் ஊன்றி நின்றான்.

"ஒரு டப்பா போதும் மாமா. தூவிட்டு வீட்டுக்குப் போங்க, காலையில புழுவெல்லாம் மல்லாந்து கெடக்கும்."

"அந்தம்மாவுக்குத் தெரிஞ்சா?"

"டப்பாவுல தங்கத்தாய்னா எழுதிருக்கு? வாசம் ரெண்டு நாள்ல போயிரும்."

சென்னகேசவனும், தூவிவிடலாம், அவள் வருவதற்குள் எல்லாம் சரியாகிவிடும் என்றான். ரங்கராஜ் டப்பாவை வாங்கி மஞ்சள் பைக்குள் போட்டுக்கொண்டார். தூவ முடியவில்லை. சௌடேஸ்வரி வழியை மறித்துக்கொண்டு நின்றாள். இந்த முறை தமிழிலேயே பேசினாள், எல்லோருக்கும் கேட்கட்டும் என்று.

"அந்த அக்கா சொன்னது ரெண்டு. ஒண்ண வெட்டியாச்சு. மிச்சம் ஒண்ணாச்சும் கையில இருந்தாத்தான் நாளைக்கு அவுக முன்னால நின்னு பேச வாய் இருக்கும். அதையும் தொலச்சுட்டு எதை வச்சுப் பேசுவீக?"

வியாபாரம் பேசிப் பழகிய மனிதர். அந்தக் கணக்கு அவருக்கு உடனே புரிந்தது. டப்பா பையிலேயே கிடந்தது.

தங்கத்தாய் பேரனைப் பார்த்துவிட்டுத் திரும்பிய அன்று, பஸ்ஸை விட்டு இறங்கியதுமே ரோட்டிலிருந்து பார்த்துவிட்டாள். வீட்டுக்குப் போகவில்லை. கையில் துணிமூட்டையோடு நேரே தோட்டத்துக்கு வந்தாள்.

"என் காட்டுக்கு யாருய்யா முடி வெட்டிவிட்டது?"

தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தவர்கள் மண்வெட்டியைக் கீழே வைத்தார்கள். ரங்கராஜ் மட்டும் முன்னால் வந்தார்.

"நாந்தான்க்கா. ஓரம் கோணலா இருந்துச்சு."

"கோணலா இருந்துச்சா? என் மூக்குங்கூடக் கோணல்தான். நான் அசந்து தூங்குறப்ப வந்து அதையும் நேராக்கிருவீகளோ?"

யாரோ சிரிக்கப் போய் அடக்கிக்கொண்டார்கள். தங்கத்தாய் புழு விழுந்த கத்தரி வரிசையைப் பார்த்தாள். ரங்கராஜின் மஞ்சள் பையையும் பார்த்தாள்.

"அதுக்குள்ள என்ன?"

ரங்கராஜ் டப்பாவை எடுத்து வரப்பில் வைத்தார். "மூடி தெறக்கல அக்கா. பாத்துக்கோங்க."

"தெறக்காததுக்கு வெகுமானம் வேணுமாக்கும்." அவள் துணிமூட்டையை இறக்கி வைத்தாள். "காலி பண்ணிருங்க செட்டியாரே. இருக்கிற காயப் பறிச்சுக்கிட்டுப் போங்க."

கமலை நின்றது. தறிகளுக்கு நூல் வர இன்னும் எத்தனை மாதம் ஆகுமோ. பதினாலு வீட்டு அடுப்பும் அந்த வரப்பில் நின்றுகொண்டிருந்தது.

"அஞ்சு செடியும் திருப்பி நட்டுத் தாரோம்" என்றார் ரங்கராஜ்.

"நாத்து வாங்கிட்டு வர அது என்ன மொளகாயா? நான் வயசுக்கு வந்தப்ப இருந்த மரம் அது."

"சுத்தி வேலி போட்டுத் தாரோம்."

"முள்ளுக்கே வேலியா? நல்லா இருக்கய்யா ஒங்க பேரம்."

ரங்கராஜின் சரக்கு தீர்ந்துவிட்டது. அப்போது சௌடேஸ்வரி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "அக்கா, எடுத்தது எங்க அளவுல எடுத்துட்டோம். திருப்பித் தாரது ஒங்க அளவுல இருக்கட்டும். என்னன்னு சொல்லுங்க."

தங்கத்தாய் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். போ என்று சொன்னவர்களிடம் விலை கேட்பது எப்படி என்று தெரிந்த ஆள். அப்படிப்பட்டவர்களிடம் அவளுக்கு ஒரு மரியாதை உண்டு.

"காட்ட ஒட்டி நிக்கிற கத்தரி நாலு வரிசை" என்றாள். "இன்னையிலேர்ந்து அது காடு. பறிக்கக்கூடாது, தண்ணி விடக்கூடாது, களை எடுக்கக்கூடாது. என்ன மொளைக்குதோ மொளைக்கட்டும்."

"காய்ச்சு நிக்குதேக்கா!" என்றார் ரங்கராஜ்.

"என் மரமும் காய்ச்சுத்தான்யா நின்னுச்சு."

"ரெண்டு வரிசை."

"அஞ்சு."

"நாலு!" என்று அலறினார் ரங்கராஜ். தன் வாழ்நாளில் அவர் அவ்வளவு சீக்கிரம் படிந்த பேரம் அது ஒன்றுதான்.

"இன்னொண்ணு" என்றாள் தங்கத்தாய். "புது ஓரம் நூல் பிடிச்சாப்ல நேரா நிக்கக்கூடாது. முன்ன இருந்தாப்ல இருக்கணும். நீங்களே குச்சி ஊனுங்க."

ரங்கராஜ் குச்சிகளை எடுத்துக்கொண்டு தெற்கு மூலையிலிருந்து ஊன்றிக்கொண்டே போனார். மனதார முயன்றார். வேண்டுமென்றே இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று என்று வைத்தார். திரும்பிப் பார்த்தால் எல்லாம் ஒரே நேராக நின்றன. பிடுங்கிவிட்டு மறுபடியும் ஊன்றினார். இந்த முறை கோணல் வந்தது. ஆனால் கோணலும் ஒரே அளவாக, சேலைக் கரையில் போடுகிற கோபுரம் மாதிரி வந்தது. சென்னகேசவன் விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு அவன் ஊன்றினான். அவனுக்கும் அதே கதிதான்.

"ஒங்களால ஆகாது" என்றாள் தங்கத்தாய்.

தன் வீட்டுப் பசுவைக் கொண்டுவந்து வடக்கு மூலையில் கட்டச் சொன்னாள். பால் குடித்து வயிறு நிறைந்திருந்த கன்றைத் தெற்கு மூலையில் அவிழ்த்து விட்டாள். அதற்கு அவசரம் ஒன்றும் இல்லை. கொஞ்ச தூரம் தாயைப் பார்த்து நடந்தது. ஒரு பூச்சியைக் கண்டு ஒதுங்கியது. நின்றது, மோந்தது, காட்டுப் பக்கம் போனது, திரும்பி வந்தது. சௌடேஸ்வரி அதன் பின்னாலேயே போய்க் காலடி பட்ட இடத்தில் குச்சி ஊன்றினாள்.

"அக்கா, அக்கா! கன்னுக்குட்டி அஞ்சாவது வரிசைக்குள்ள போகுது!" என்று ரங்கராஜ் பதறினார்.

"போகட்டும். அதுக்குப் பேரம் பேசத் தெரியாது."

அப்படியாக ஐந்தாவது வரிசையிலும் பத்துப் பன்னிரண்டு செடி காட்டோடு போயிற்று. இன்பராஜ் விற்ற சரக்கைத் திரும்ப வாங்க மாட்டேன் என்றுவிட்டதால், டப்பா ரங்கராஜ் வீட்டுப் பரண்மேல் ஏறியது. புழு அந்த வருஷம் தின்ன வேண்டியதைத் தின்றது. பெண்கள் உட்கார்ந்து சொத்தைக் காயைப் பொறுக்கிக் குழியில் போட்டார்கள். ஐப்பசி மழைக்குப் பிறகு, வெட்டிய விடத்தலையின் அடிக்கட்டை துளிர்த்தது. விட்டுக்கொடுத்த இடத்தில் கத்தரிச் செடிகள் காய்ந்து குச்சியாக நிற்க, நடுவே ஆவாரையும் கொழிஞ்சியும் தலைகாட்டின. அந்தக் குச்சி ஒன்றில் ஒரு கரிச்சான் வந்து உட்கார்ந்தது. பழைய குருவிதானா என்று கேட்டால் சொல்ல முடியாது. எல்லாக் கரிச்சானும் கறுப்புத்தான்.

தறிகளுக்கு நூல் வந்த பிறகும் தோட்டத்தை அவர்கள் விடவில்லை. ரங்கராஜ் மதியக் கஞ்சியை மேற்குப் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்து குடித்தார்.

அடுத்த கோடையில் பால்சாமி வந்தார். தங்கத்தாய் சந்தைக்குப் போயிருந்தாள். தோட்டத்தில் ரங்கராஜ் மட்டும் இருந்தார்.

"ஓரத்துல கொஞ்சம் வெட்டிக்கிட்டா என்ன? அந்தம்மா கிட்ட நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்களேன் செட்டியாரே. ஒங்களையும் கவனிச்சுக்கிடுவோம்" என்றார் பால்சாமி.

"அதெல்லாம் ஆகாதுங்க" என்றார் ரங்கராஜ். "உள்ள சாமி இருக்கு."

"சாமியா? பாம்பு இருக்குன்னுல்ல அந்தம்மா சொன்னாக?"

ரங்கராஜ் வெண்டைக்காயை ஒடித்துக் கூடையில் போட்டார்.

"பாம்பு இல்லாமயா? சாமி கழுத்துல கெடக்குது."

பால்சாமி, பாலவனத்தம் பக்கம் ஒரு காடு விலைக்கு வருவதாகக் கேள்வி என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினார்.