நனைத்த துணி

பனிமூட்டம் விலகுவதற்குள் ஒத்திலியா இரண்டு வரிசை ஸ்ட்ராபெரி பறித்து முடித்திருந்தாள். கலிபோர்னியாவுக்கு வந்து பதினொரு வருடமாகக் குனிந்தே கிடக்கும் முதுகு, நிமிர்ந்தால்தான் வலிக்கும். எல்லோரையும் போலக் கண் மட்டும் தெரிய முகத்துணி கட்டியிருந்தாள். பக்கத்து வரிசையில் ஹெர்லிண்டா, மெக்சிகோவிலிருந்து வந்து மூன்றே வாரம் ஆன பெண்.

அடுத்த வயலில் டிராக்டர் பூச்சிமருந்தடிக்கத் தொடங்கியது. காற்றோ இந்தப் பக்கம். அழுகிய பூண்டு நாற்றம் குப்பென்று வந்தது. ஹெர்லிண்டா இருமினாள்.

"துணியை நனைச்சுக் கட்டுடி, சரியாப் போயிடும்" என்று தன் தண்ணீரையே ஊற்றிக் கொடுத்தாள் ஒத்திலியா. வெயிலுக்கு எல்லோரும் செய்வதுதான்.

ஈரத்துணி மருந்தையெல்லாம் இழுத்து மூக்கிலும் வாயிலும் அப்பிக்கொண்டது. கால் மணி நேரத்தில் அந்தப் பெண் பழப்பெட்டி மேலேயே சரிந்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டது ஒன்றே ஒன்று: என்ன மருந்து? பெயர் தெரிந்தால்தான் சரியான முறிவு மருந்து கொடுக்க முடியுமாம். மேஸ்திரி எவரார்டோ போனை எடுக்கவில்லை. கம்பெனி ஆபீஸில் வாய் திறப்பாரில்லை. ஒத்திலியா கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். பாவி, நானல்லவா நனைக்கச் சொன்னேன்!

மறுநாள் விடியலில் வயலோரத்தில் மேஸ்திரியை மறித்தாள்.

"அவ சாப்பிடாம வந்து மயங்கிட்டா. யார் கேட்டாலும் அதையே சொல்லுங்க" என்றான்.

"நீங்களும் இதே வரிசையில குனிஞ்சவர்தானே, மேஸ்திரி? மருந்துப் பேரை மட்டும் சொல்லுங்க."

அவன் கண்ணைத் தாழ்த்தினான். "சொன்னா என் பொழப்பு போயிடும். உனக்கு இங்க இருக்கப் பேப்பர் இருக்கா? பேசாமப் போய்ப் பறி."

பேப்பர் இல்லை. பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இரண்டு உண்டு. ஆனாலும் ஒரு பெட்டியைக் கவிழ்த்து ஏறினாள். பின்னாளில் ஊர் ஊராகப் போய்ப் பழம் பறிப்பவர்களுக்காக வாதாடியவளுக்கு அதுதான் முதல் மேடை.

"நனைச்சுக் கட்டச் சொன்னது நான்தான். என் தப்பு. இனிமே யாரும் அப்படிச் செய்யாதீங்க, அது விஷத்தை மூஞ்சியோட ஒட்டிடும். அவ இன்னும் மூச்சுக்குத் தவிக்கிறா. பேரு தெரியாம நான் வரிசையில இறங்க மாட்டேன்."

முகத்துணியை அவிழ்த்தாள்.

யாரும் அசையவில்லை. போச்சு, தனியாக மாட்டிக்கொண்டோம் என்று நினைத்தாள். அப்போது, நாலு வருடமாக அவளோடு பறித்த செலெரினோ துணியை அவிழ்த்துத் தள்ளுவண்டியில் போட்டான். அவன் தாடையில் தழும்பு இருப்பது அன்றுதான் அவளுக்குத் தெரிந்தது. பிறகு இன்னொருத்தி. பிறகு வரிசை வரிசையாக.

மேஸ்திரி யாருக்கோ போன் போட்டான். முப்பது முகங்களும் அவனையே பார்த்தன. பழம் செடியிலேயே கிடந்தது.

"பேரைச் சொல்லுங்க, மேஸ்திரி" என்றான் செலெரினோ.