காதில்லாத ஊசிக்குக் கேட்டது

பேச்சித்தாயின் கடையில் ஊசிகளுக்குக் காது கேட்கும். தைக்கிற ஊசிக்குக் காது உண்டு. அதில் நூலைக் கோத்து அடைத்துவிடுவதால் அதற்கு ஒன்றும் கேட்பதில்லை. புருவம் வரைகிற ஊசிக்குக் காதே கிடையாது. அடைக்க இடமில்லை, ஆகவே அதற்கு உடம்பு முழுதும் கேட்கும். வேலை நடக்கும்போது கேட்டதையெல்லாம் புருவத்தோடு சேர்த்து வரைந்துவிடும். நிரந்தர மை என்பதால் பிறகு திருத்துவது சிரமம்.

பாளையங்கோட்டையில் இந்தத் தொழில் செய்கிற எல்லோருக்கும் இது தெரியும். செருப்போடு பேச்சையும் வாசலில் விட்டுவிட்டு வரச் சொல்கிற கடைகள் உண்டு. பேச்சித்தாய் அப்படிச் சொல்வதில்லை. அவளுக்கு யாரிடமும் எதையும் சொல்ல வராது. தாவரவியல் படித்த மூன்று வருடமும் வகுப்பில் பதினோரு பேருடைய ரெக்கார்டு நோட்டுக்கு அவள்தான் படம் வரைந்தாள். கேட்டார்கள், சரி என்றாள். கை நேர்த்தியானது அப்படித்தான்.

வடிவு வந்தது ஒரு வியாழக்கிழமை காலை. மாத்திரை சாப்பிட்டதில் இரண்டு புருவமும் உதிர்ந்து ஐந்து மாதமாகியிருந்தது. கூடவே அவளுடைய மதினி, அண்ணன் ஆறுமுகநயினாரின் மனைவி, முறுக்குப் பொட்டலத்தோடு வந்திருந்தாள்.

"புருவம் போனதிலேருந்து நான் மாட்டேன்னா எதுத்தாப்ல உள்ளவங்களுக்கு சரின்னு கேக்கு," என்றாள் வடிவு. "பால்காரர்ட்ட பால் ஊத்தாதீங்கன்னேன். நாலு லிட்டர் ஊத்திட்டுப் போயிட்டாரு. பக்கத்து வீட்டு நாய் இப்ப எங்க வீட்லதான் இருக்கு."

பேச்சித்தாய் தலையாட்டினாள். புருவம் இல்லாதவர்களுக்கு வழக்கமாக வருகிற தொந்தரவுதான்.

"ஞாயித்துக்கெழம அண்ணன் பத்திரத்தோட வாரான். அம்மா எனக்குன்னு எழுதிவச்ச வீட்ட அவனுக்கு விட்டுக்குடுக்கணுமாம். நான் குடியிருக்கதே அங்கதான். மாட்டேன்னு சொல்லணும். அது அவனுக்குக் கேக்கணும்."

"அவ எங்க மாட்டேன்னு சொல்லப்போறா," என்றாள் மதினி, முறுக்கைக் கடித்தபடி. "எங்க வடிவு தங்கம்லா. எதக் கேட்டாலும் சரின்னுருவா."

பேச்சித்தாய் உறை பிரிக்காத ஊசிகளைத் தட்டில் பரப்பி, "காப்பி," என்று மெல்லச் சொன்னாள். காது கேட்கிறவை உறைக்குள்ளேயே அவள் பக்கம் திரும்பின. ஒன்று மட்டும் அசையவில்லை. செவிட்டு ஊசி. அது பென்சில் கோட்டை அப்படியே வரையும். புருவம் படம் போல இருக்கும், ஆனால் எதுவும் சொல்லாது. வடிவுக்கு அது உதவாது. ஒற்றை முனை ஊசி யார் சத்தம் பெரிதோ அவர்கள் பேச்சைக் கேட்கும். இந்த அறையில் அது மதினி. ஐந்து முனைக்கு ஐந்து பேர் வேண்டும். மூன்று முனை ஊசிதான் முனைக்கொருவராக மூன்று பேரைக் கேட்டு, எந்தப் பக்கம் இரண்டு பேரோ அந்தப் பக்கம் வரையும்.

பேச்சித்தாய் எண்ணிப் பார்த்தாள். மதினி ஒன்று. வடிவு ஒன்று, ஊசி முகத்தைப் பார்ப்பதில்லை, அதனால் வடிவின் மாட்டேன் அதற்கு மாட்டேன் என்றே கேட்கும். மூன்றாவது ஆள் தான்தான்.

"மதினிய வெளிய உக்காரச் சொல்லும்மா," என்று வடிவு கிசுகிசுத்தாள்.

பேச்சித்தாய் மதினியின் அருகே போனாள். மதினி நிமிர்ந்து பார்த்தாள். "ஃபேன் காத்து வருதாக்கா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் பேச்சித்தாய் திரும்பி வந்தாள்.

மரத்துப்போகிற களிம்பைத் தடவி, அளந்து கோடு போட்டு, மூன்று முனை ஊசியைப் பிரித்தாள்.

"மாட்டேன்," என்றாள் வடிவு.

"சரின்னுரு வடிவு. அம்மாம் பெரிய வீட்ட ஒத்தையில யாரு பெருக்குவா?"

ஊசி காத்திருந்தது. அந்தச் சொல் பேச்சித்தாயின் வாயில் புதுச் செருப்பு மாதிரி கடித்தது. "மா..." என்றாள். ஊசி அரை முடி வரைந்து நின்றது. "...ட்டேன்." மீதி அரை முடியும் வந்தது.

அப்படியே ஒவ்வொரு முடியாகப் போயிற்று. வலது புருவம் முடிவதற்குள் நூற்றுப் பத்து முறை சொல்லியிருந்தாள். இடது புருவத்தின் வாலில் ஒரே ஒரு முடி மிச்சமிருந்தபோது மதினி கேட்டாள்: "தொண்ட காஞ்சிருக்குமே பிள்ள. ஒனக்கும் ஒரு டீ சொல்லட்டா?"

"சரிக்கா," என்றாள் பேச்சித்தாய்.

ஊசி வரைந்து முடித்தது.

டீ வந்தது. மூவரும் குடித்தார்கள். "ஒரு முடி சரின்னு விழுந்துட்டுக்கா," என்றாள் பேச்சித்தாய், டம்ளரைப் பார்த்துக்கொண்டு. "ஆறு வாரம் கழிச்சு ரெண்டாந்தடவ வாங்க, பாத்துக்கலாம்."

"ஒண்ணுதான," என்றாள் வடிவு.

ஞாயிற்றுக்கிழமை ஆறுமுகநயினார் பத்திரத்தை விரித்துப் பேனாவையும் திறந்து வைத்தார். வடிவு மாட்டேன் என்றாள். அவருக்கு மாட்டேன் என்றே கேட்டது. நியாயமான மனிதர், பத்திரத்தை மடித்துவிட்டார். எழுந்திருக்கும்போதுதான் தங்கையின் இடது புருவ வாலில் யாரோ சரி என்பது போலிருந்தது. குனிந்து காதை வைத்துக் கேட்டார்.

"ஒரு முடிக்கு வீட்ல என்ன கெடைக்கும்?" என்று கூட வந்திருந்த மதினியிடம் கேட்டார்.

மதினி வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து, வாசற்கதவு என்றாள். வடிவுக்கும் அது சரியாகப் பட்டது. கதவைக் கழற்றி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அன்றிலிருந்து அந்த இடத்தில் பக்கத்து வீட்டு நாய் குறுக்கே படுத்துக்கொண்டது. பால்காரர் வாசலோடு நின்று அளவாக ஊற்றினார்.

ஆறு வாரம் கழித்து வடிவு வரவில்லை. அந்த ஒரு முடி இருந்துவிட்டுப் போகட்டும், நாய்க்கும் இடம் பழகிவிட்டது என்று சொல்லியனுப்பியிருந்தாள். அவளுக்குக் குறித்திருந்த நேரத்துக்கு ஆறுமுகநயினார் வந்தார், முதுகில் கதவோடு.

"எங்க வீட்ல மாட்டினதிலேருந்து யாரு தட்டுனாலும் சரின்னு தெறந்துருதும்மா," என்றார். "நேத்து சீட்டுக்கு ஆள் சேக்க வந்தவன் அடுக்களைல உக்காந்து தோச சாப்பிடுதான். இதுக்கு ஒரு புருவம் வரஞ்சு குடு."

பேச்சித்தாய் கதவைத் தடவிப் பார்த்தாள். நல்ல தேக்கு. ஒற்றை முனை ஊசியை எடுத்தாள்.

"நான் பக்கத்துலயே நிக்கேன். தனியா விட்டா அது பயப்படும்."

"வேண்டாம் அண்ணாச்சி. வெளிய உக்காருங்க."

சொல் எங்கும் கடிக்கவில்லை. அவர் போய் செருப்புகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். பேச்சித்தாய் கதவைக் கட்டிலில் கிடத்தி, தலைமாட்டில் சின்னத் தலையணையை வைத்து, களிம்பைத் தடவினாள்.

"கண்ண மூடிக்கோங்க," என்றாள்.

"சரி," என்றது கதவு.