வெந்நீர்க் கோடு

நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பாள் என் மனைவி. பொய்யில்லை.

நான் குழாய் வேலை மேஸ்திரி. அவள் குழாய்களுக்குப் பிளான் வரைகிறவள். பத்து வருடம் யார் யார் பெயரிலோ வரைந்துகொடுத்துவிட்டு, இப்போதுதான் சொந்தப் பெயரில் முதல் வீடு. வீட்டுக்காரர் பல் டாக்டர். அவருக்குத் திருப்தியானால், அடுத்து அவர் கட்டும் ஆஸ்பத்திரியும் இவளுக்குத்தான்.

காகிதப் பிளான் ஈரத்தில் கிழிகிறதென்று கடைக்குப் போனோம்.

"டேப்லெட்டே வாங்குங்க. வெந்நீர் சிவப்பு, பச்சைத் தண்ணி நீலம்னு கலர்ல போட்டிருக்கேன்."

"வெயில்ல அது முகம் பார்க்கத்தான் லாயக்கு. இந்த இ-இங்க் ரீடர் காகிதம் மாதிரி. பதிமூணு இஞ்ச், முழுப் பிளானும் ஒரே பக்கத்துல வரும்."

அவள் முறைக்க முறைக்க ரீடரையே வாங்கினேன். இரண்டு வாரம் மொட்டை மாடி வெயிலில் பிளானைப் பார்த்து வேலை செய்து, வீட்டுக்கு வந்து பீற்றிக்கொண்டேன்.

டாக்டர் பார்வையிட வரும் நாள். காலை எட்டு மணிக்குக் கழிப்பறை ஃப்ளஷ் தொட்டியை அழுத்திப் பார்த்தேன். குபுகுபுவென்று ஆவி வந்தது. ரீடரில் சிவப்பும் சாம்பல், நீலமும் சாம்பல். மாடியில் சோலார் ஹீட்டர் பக்கத்தில் இரண்டு குழாயையும் மாற்றி இணைத்திருக்கிறேன். கெடப்போவது என் பெயரல்ல, அவள் பெயர்.

போன் செய்ததும் அலுவலக டேப்லெட்டோடு ஓடி வந்தாள்.

"சொன்னேனா இல்லையா?"

மாடியில் நின்று அதைத் திறந்தாள். இப்படிச் சாய்த்தாள், அப்படிச் சாய்த்தாள், துப்பட்டாவைப் போட்டு மூடிப் பார்த்தாள்.

"என்னம்மா தெரியுது?"

"என் மூஞ்சி."

அந்த அவசரத்திலும் இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு அவள் படிக்கட்டு நிழலில் உட்கார்ந்து, "இடது பக்கம் சிவப்பு!" என்று கத்த, நான் வெயிலில் குழாயை அறுத்து ஒட்டினேன்.

பதினோரு மணிக்கு டாக்டர் வந்தபோது தொப்பலாக நனைந்திருந்தேன். மறைக்க மனம் வரவில்லை.

"குழாயை மாத்தி இணைச்சுட்டேன் சார். தப்பு என்னோடது. பிளான் சரியாத்தான் இருந்துச்சு."

"இல்ல சார்," என்றாள் அவள். "கலரை மட்டும் நம்பி வரைஞ்சது என் தப்பு."

அவர் தொட்டியை அழுத்தினார். பச்சைத் தண்ணீர்.

"பரவாயில்லை, உங்க தொழில்ல திருப்பி ஒட்டிடலாம். நான் பல்லை மாத்திப் பிடுங்கினா என்ன பண்றது?" என்று சிரித்தார்.

ஆஸ்பத்திரி கிடைத்தது. புதுப் பிளானை அவளே என் ரீடரில் ஏற்றித் தந்தாள். வெந்நீர் தடித்த கோடு, பச்சைத் தண்ணீர் விட்டுவிட்டுப் போகும் கோடு. கண்ணை மூடிக்கொண்டு வேலை செய்யலாம். கீழ்மூலைக் கட்டத்தில் 'வரைந்தவர்' என்று அவள் பெயர். அதன் கீழே 'சரிபார்த்தவர்' என்று என் பெயர். இருபது வருடத் தொழிலில் ஒரு பிளானிலும் என் பெயர் வந்ததில்லை.

"இது எதுக்கும்மா?"

"இனிமே திட்டு வாங்கினா ரெண்டு பேரும் சேர்ந்து வாங்கணும்ல? போய் ஒழுங்கா சரிபாருங்க."