பதினேழாம் நம்பரில் யாரும் இல்லை

காகிதமும் பேனாவுமாக எவன் வந்தாலும் எங்கள் குடிசை வரிசையில் யாரும் உண்மை சொல்ல மாட்டோம். முன்பு ஒருத்தன் சிரித்த முகமாக வந்து, எத்தனை வருஷமாக இருக்கிறீர்கள் என்று விசாரித்து எழுதிக்கொண்டு போனான். இருபதாம் நாள் புல்டோசர் வந்து பாதி வரிசையைத் தரைமட்டமாக்கியது. அன்றிலிருந்து எங்களுக்குள் ஓர் ஏற்பாடு. யார் விலாசம் கேட்டாலும், பூட்டிக் கிடக்கும் பதினேழாம் நம்பர் வீட்டைச் சொல்வோம். தேடி வந்தால் கையை விரிப்போம்.

என் மனைவி கிழிந்த சாக்குகளுக்கு ஒட்டுப் போட்டுத் தைப்பவள். இரண்டு மாதமாக இருமல். சாக்குத் தூசி, வேறென்ன என்று இருந்துவிட்டேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் சுகாதார நிலையத்தார் மேசை போட்டுச் சளி எடுத்துப் பார்க்கிறார்கள் என்று பக்கத்து வீட்டு அக்கா அவளை இழுத்துக்கொண்டு போனாள். நானும் பின்னாலேயே ஓடினேன். இவள் வெள்ளந்தி, கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லித் தொலைப்பாள். மேசையில் இருந்த நர்ஸ் இவள் பெயரைக் கேட்டாள். வாய்க்கு வந்த ஒரு பெயரைச் சொன்னேன். வீடு? பதினேழு.

"போன் நம்பர்?"

"போனெல்லாம் இல்லீங்க."

சொல்லி வாய் மூடவில்லை, சட்டைப்பையில் அந்தச் சனியன் அடித்தது. நர்ஸ் என்னை ஒரு பார்வை பார்த்தாள். காசு வாங்காமல் பரிசோதிக்கிறார்களாம். எச்சிலை வாங்கிக்கொண்டு போய் இவர்களுக்கு என்ன லாபம்? எங்கேயோ இடிக்கிறதே என்று அன்று முழுக்க வேலை ஓடவில்லை.

பத்து நாள் கழித்து, தோளில் பையோடு ஒருவன் வந்து பதினேழின் பூட்டை ஆட்டிப் பார்த்தான். நான் சொன்ன அந்தப் பெயரைச் சொல்லி வீடு வீடாக விசாரித்தான். எல்லாரும் சொல்லிவைத்தாற்போலக் கையை விரித்தார்கள். எனக்கு ஒரே பெருமை. கடைசியில் என் வாசலுக்கே வந்தான்.

"என்ன விஷயமா தேடறீங்க?" என்றேன்.

"அத அவங்ககிட்டதாங்க சொல்லணும். மத்தவங்ககிட்ட சொல்லக் கூடாது."

அப்படி வா வழிக்கு! ஊரறியச் சொல்ல முடியாதது நல்ல விஷயமாகவா இருக்கும்? அந்த நேரம் பார்த்து உள்ளே அவள் இருமினாள். ரேடியோவை அலறவிட்டேன்.

"உள்ள யாரோ இருமுறாங்களே?"

"நாடகம் போடறாங்க."

அவன் போகாமல் நின்றான். திரும்பிப் பார்த்தேன். அவள் மூன்று வயது மகளை மடியில் வைத்துக்கொண்டு, இருமல் வெளியே கேட்காமலிருக்கச் சாக்கை வாயில் திணித்துக் கடித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது. கெட்டிக்காரி என்று மெச்சிக்கொண்டேன். பாவி நான்!

அவன் இன்னும் இரண்டு தடவை வந்தான். அப்புறம் வரவில்லை. விட்டது சனி என்றிருந்தேன்.

ஆறு வாரம் கழித்து அவள் ரத்தமாகக் கக்கினாள். தள்ளுவண்டியில் படுக்கவைத்துச் சுகாதார நிலையத்துக்குத் தள்ளிக்கொண்டு ஓடினேன். அந்தத் தோள்பைக்காரன் அங்கே இருந்தான். என்னை அடையாளம் கண்டுகொண்டான். அவளைத் தூக்கக் கைகொடுத்தான்.

அன்று சளி எடுத்த அதே நர்ஸ் எங்களை நினைவு வைத்திருந்து நோட்டைப் புரட்டினாள். நான் சொன்ன பெயருக்கு எதிரே மூன்று தடவை 'ஆள் இல்லை' என்று எழுதியிருந்தது.

"காசநோய்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு. மாத்திரைய பையில வெச்சுக்கிட்டுதான் இவரு உங்க வரிசையில அலைஞ்சாரு. அப்பவே ஆரம்பிச்சிருந்தா இந்த அளவுக்கு வந்திருக்காது. இப்ப ரெண்டு பக்கமும் நுரையீரல் போயிருக்கு. பாக்கலாம்."

நர்ஸ் நோட்டில் புதுப் பக்கத்தைத் திருப்பினாள்.

"வீட்ல இவங்க பக்கத்துல யார் படுக்கறது?"

அவள் கையில் பேனா தயாராக இருந்தது. யாரும் இல்லை என்று சொல்ல நாக்கு எழுந்தது. அடக்கினேன்.

"பொண்ணு. மூணு வயசு. அம்மாவக் கட்டிப்பிடிச்சாதான் தூங்குவா."

"அவளுக்கு இருமல் இருக்கா?"

"நீங்க தேடி வந்தப்ப இல்லீங்க," என்றேன். "இப்ப இருக்கு."