பூச்சு இல்லாத சுவர்

எத்திராஜ் மேஸ்திரி இருபத்தெட்டு வருஷமாகச் சுவர் கட்டுகிறார். எங்கேயாவது அரை இஞ்ச் தப்பினால், "பூச்சுல சரியாப்பூடும்" என்று சொல்லிவிட்டு அடுத்த கல்லை வைப்பார். அவர் மட்டுமா, சித்தூர் பக்கத்து மேஸ்திரிகள் எல்லாருக்கும் அதுதான் தாரக மந்திரம்.

புத்தலப்பட்டில் அகிலா கட்டுகிற வீட்டில் அந்த மந்திரம் பலிக்கவில்லை. அகிலா திருப்பதியில் வேலை பார்ப்பவள். அஸ்திவாரம் தோண்டிய மண்ணிலேயே கொஞ்சம் சிமெண்ட் கலந்து, மெஷினில் அழுத்தி, மூன்று வாரம் தண்ணீர் தெளித்து வைத்த கல்தான் அவள் வீட்டுக்கு. சூளை இல்லை, பூச்சு இல்லை, பெயிண்டும் இல்லை. வைத்த கல் வைத்தபடி காலத்துக்கும் வெளியே தெரியும்.

முதல் வாரம் மேஸ்திரி ஒவ்வொரு கல்லையும் இரண்டு மூன்று தரம் எடுத்து எடுத்து வைத்தார். பிறகு பிடிபட்டது. மூன்று சுவர் எழும்பியபின், சோறு துன்னும்போதுகூட எதிரே உட்கார்ந்து அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். மிதப்பும் வந்துவிட்டது. நாலாவதான வடக்குச் சுவருக்கு நூல் கட்டாமல் கண் திட்டத்திலேயே போனார். மறுநாள் தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தால் முக்கால் இஞ்ச் வெளியே சாய்ந்து நிற்கிறது. இந்த வீட்டைப் பார்க்க ஊரே வரும். கட்டினது யார் என்று கேட்கும்.

ஞாயிற்றுக்கிழமை அகிலா வந்ததும் பேச்சை எடுத்தார்.

"அம்மா, வடக்கால சாரல் ஜாஸ்தி. அந்தச் சுவருக்கு மட்டும் பூசிடலாம். இல்லாங்காட்டி மண்ணு கரைஞ்சிபூடும்."

சுவர் நனையக்கூடாது என்றுதான் கூரையை இரண்டரை அடி வெளியே இழுக்கப் போகிறார்கள். அது அவருக்கும் தெரியும்.

அகிலாவின் முகம் வாடிவிட்டது. "நீங்க சொன்னா சரிதாண்ணா. ஆனா மழை ஒரு பக்கமாவா பெய்யும்? நாலு பக்கமும் பூசிடுங்க. நாளைக்கே சிமெண்ட் இறக்கச் சொல்றேன்" என்று போனை எடுத்தாள்.

மேஸ்திரி அந்த மூன்று சுவரையும் பார்த்தார். ஆயுசிலேயே அவர் நன்றாகக் கட்டினது அதுதான். தாங்கமுடியவில்லை.

"போன் போடாதீங்கம்மா. கல்லு கரையாது, நான் பொய் சொன்னேன். சுவரு சாஞ்சிட்சி, மறைக்கப் பார்த்தேன்."

அகிலா சுவரோரமாக நடந்து பார்த்தாள். "எங்கண்ணா? நேராத்தானே இருக்குது? அப்படியே உட்டுடுங்க."

விட்டிருந்தால் அவளுக்குக் கடைசிவரை தெரிந்திருக்காது. மேஸ்திரி தூக்குக்குண்டை அவள் கையிலேயே கொடுத்துப் பிடிக்கச் சொன்னார். சுவருக்கும் குண்டுக்கும் நடுவே அவள் விரல் நுழைந்தது.

"இப்போ தெரியுதா?" என்று கேட்டுவிட்டு, மேல் வரியிலிருந்து கல்லைப் பெயர்க்க ஆரம்பித்தார்.