குழாயில் பூட்டிய வெளிச்சம்

ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போட்டிருந்த வெள்ளைச் சட்டையை மாற்றாமலே, கஸ்பார் தோட்ட அலுவலகப் படியில் துப்பாக்கியை மடியில் கிடத்தி உட்கார்ந்திருந்தான். அதில் தோட்டா இல்லையென்று இருமுறை திறந்து பார்த்தாகிவிட்டது. எதிரே, தோட்டப் பள்ளியில் அவனோடு படித்து இப்போது ஈப்போ நகரத்துப் பட்டறை ஒன்றில் வேலை செய்யும் அர்ச்சுனன், செய்தித்தாள் பொட்டலத்தைப் பிரித்து இரண்டு இரும்புப் பிடிகளை வைத்தான். ஒன்று, சுடுகுழலுக்கு அடியிலுள்ள தோட்டாக் குழாயைச் சுற்றித் திருகாணிகளால் இறுகும் வளையம். டார்ச் லைட்டை அதில் பூட்டினால் துப்பாக்கி வேறு, வெளிச்சம் வேறு என்பதில்லை. மற்றது, கட்டைவிரலால் தள்ளினால் வாய் திறக்கும் கவ்வி. வேண்டும்போது டார்ச்சைக் கையில் எடுத்துக்கொள்ளலாம்.

"வளையத்தையே எடுத்துக்க மச்சான். கவ்வி சும்மா ஆசைக்குச் செஞ்சது. ஒரு வெடி வெடிச்சா டார்ச் லம்பு ஒரு பக்கம் ஓடும், நீ ஒரு பக்கம் ஓடுவ."

"நான் ஓட மாட்டேன்லா."

"பிச்சைமுத்து அண்ணனும் அப்படித்தான் சொன்னாரு."

பிச்சைமுத்து, கஸ்பாருக்கு முன்பிருந்த காவல்காரர். ரப்பரை அழித்து நட்ட செம்பனை எனும் எண்ணெய்ப்பனைக் கன்றுகளின் குருத்தைத் தின்ன வந்த காட்டுப்பன்றி, முதல் குண்டு தவறியதும் அவர்மேல் திரும்பியது. அடுத்த தோட்டாவை ஏற்ற முன்பிடியை இடக்கையால் பின்னிழுக்க வேண்டும். இடக்கையிலோ டார்ச் லைட். அதைப் போட்டுவிட்டுப் பிடியைத் தேடிய இடைவெளியில் பன்றி தொடையைக் கிழித்துவிட்டது. இப்போது கோலா கங்சாரில் மகள் வீட்டில் கோலூன்றி நடக்கிறார்.

"நெத்தியில கட்டிக்கிட்டா? பால்மரம் வெட்டறவங்க கட்டற மாதிரி?"

"திருட வர்றவன் பாராங் கத்திய வெளிச்சத்தப் பாத்துத்தான் வீசுவான். ஒனக்கு மூஞ்சி வேணாமா?"

மறுநாள் விடியற்காலை முதல் கஸ்பாருக்குக் காவல். பன்றி மட்டுமென்றால் அவன் இவ்வளவு யோசித்திருக்க மாட்டான். வெட்டப்படவிருக்கும் பழைய ரப்பர் மரங்களின் வெட்டுக்கோட்டில் காய்ந்து ஒட்டியுள்ள பாலை, கோட்டுப்பாலை, யாரோ இருட்டோடு உரித்துப் போகிறார்கள், அவர்களையும் பிடிக்க வேண்டும் என்று தோட்ட மேலாளர் துரை சொல்லியிருந்தார். அந்த யாரோக்களில் தன் அக்கா குழந்தையம்மாளும் ஒருத்தி என்பது கஸ்பாருக்குத் தெரியும். அவனுக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும். இருவரும் அதைப் பேசியதில்லை. ஒரு குடும்பத்தில் அன்பு சில சமயம் அறியாததுபோல் நடக்கும் பழக்கமாகவே எஞ்சிவிடுகிறது. வெளிச்சம் அந்தப் பழக்கத்துக்கு இடம் தருவதில்லை.

"எதுக்கும் இருட்டுல பாத்துடலாம்" என்று அர்ச்சுனன் வளையத்தைப் பூட்டினான். நண்பகலிலும் இருண்டிருக்கும் இடம் தோட்டத்தில் ஒன்றுதான்: ரப்பர் தகடுகளைத் தொங்கவிட்டு உலர்த்தும் புகைக்கூடம். அன்று விடுமுறை, உள்ளே ஆளிருக்காது என்று எண்ணினார்கள்.

கதவை அடைத்தபின் கஸ்பார் விசையைத் தள்ளினான். அர்ச்சுனனின் வேலையில் குறையில்லை. வெளிச்சம் அசையாமல் நின்றது. மூலையைப் பார்க்க மூலையைக் குறிவைத்தான். உத்தரத்தைப் பார்க்க உத்தரத்தைக் குறிவைத்தான். எதையும் குறிவைக்காமல் பார்க்க இயலாது என்பது அவனுக்கு மெல்லப் புரிந்தபோது, தகடுகளின் வரிசைக்கிடையே ஏதோ அசைந்தது. திரும்பினான். வெளிச்ச வட்டத்துக்குள் ஒரு பெண், பாதி திருப்பிய ரப்பர் தகட்டை மார்புக்கு முன்னால் இரு கைகளாலும் பிடித்தபடி நின்றாள்.

"தொரை, நான் ஒண்ணும் எடுக்கலீங்க."

தன் அக்கா யாரிடமும் அந்தக் குரலில் பேசி அவன் கேட்டதில்லை.

"நான்தான்க்கா."

அவள் கண்களைச் சுருக்கினாள். தகடு இறங்கவில்லை.

"நீயா… மொதல்ல அதக் கீழ எறக்கு தம்பி. தகடு திருப்பிப் போடத்தான் வந்தேன்."

இறக்கினான். வெளிச்சம் தரைக்குப் போனது. அவள் முகம் இருட்டில் மறைந்தது.

பிறகு கஸ்பார் கேட்டான்:

"அர்ச்சுனா, அந்தக் கவ்வி எங்க?"

"விளையாடாத மச்சான்."

"மாட்டிப் பாரு."

அர்ச்சுனன் முணுமுணுத்தபடி அரைகுறை வெளிச்சத்தில் திருகாணிகளைக் கழற்றினான். கவ்வியைப் பொருத்தி, எரிந்துகொண்டிருந்த டார்ச்சை அதில் செருகினான். பிறகு துப்பாக்கியின் அடிக்கட்டையைச் சிமெண்டுத் தரையில் ஓங்கி இடித்தான். முதல் இடியிலேயே டார்ச் துள்ளி விழுந்து, சுவரையும் தகடுகளையும் அவர்கள் கால்களையும் மாறிமாறிக் காட்டியபடி உருண்டோடியது.

"பாத்துக்க. பன்னி முன்னால இப்படி ஓடினா? இதத்தான் கேக்குறியா?" என்று துப்பாக்கியை அவன் கையில் திணித்தான்.

டார்ச் குழந்தையம்மாளின் காலில் தட்டி நின்றது. அவள் கையிலிருந்த தகட்டை நிதானமாகக் கழியில் போட்டாள். குனிந்து டார்ச்சை எடுத்தாள். அது எப்படிப்பட்ட பொருள் என்று பார்ப்பவளைப்போல ஒருமுறை புரட்டிவிட்டு, வெளிச்சத்தைத் தம்பியின் முகத்துக்கு நேராகப் பிடித்தாள்.

கஸ்பாரின் கண்கள் கூசின. வெளிச்சத்துக்குப் பின்னால் இருப்பவளை அவனால் பார்க்க முடியவில்லை. துப்பாக்கியின் வாயைத் தரைக்குத் திருப்பிக்கொண்டு, வெள்ளைச் சட்டையோடு, அவள் பார்த்து முடிக்கும்வரை நின்றான்.