மேல்மலைக்கு நாலு, கீழ்மலைக்கு நாலு

மழை வலுத்ததிலிருந்து சுசித்ராவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. கொடைக்கானல் வாடகை அறையில் நாற்காலியில் உட்காருவாள், எழுந்து ஜன்னலுக்குப் போவாள், திரும்பி வந்து கம்ப்யூட்டர் திரையை முறைப்பாள். எந்த ஓடையில் எவ்வளவு வெள்ளம் வரும் என்று அவள் எழுதிய புரோகிராம் கணக்குப் போட்டுச் சொல்வதைக் கேட்டுத்தான் மலையில் ஜீப் ஓட்டுகிறவர்கள் காட்டாற்றுத் தரைப்பாலங்களைத் தாண்டுகிறார்கள். இன்று அதை நம்பிக் கீழ்மலைக்குக் கிளம்பியவர்களில் அவளுடைய அண்ணன் செல்வமுருகனும் ஒருவன். ஜீப் நிறைய தோட்ட வேலைக்குப் போகிற பெண்கள்.

போன மாதம் வரை அந்தப் புரோகிராம் சரியான ஆமை. ஓர் ஓடையின் கணக்கை முடித்துவிட்டுத்தான் அடுத்த ஓடையைத் தொடும். வெள்ளம் வந்த பிறகு அணை போடுகிற கதை. இத்தனைக்கும் கம்ப்யூட்டருக்குள் தனித்தனியாகக் கணக்குப் போடக்கூடிய எட்டு மூளைகள், அதாவது எட்டு கோர்கள் இருந்தன. ஒன்று மாடாய் உழைக்க, மற்ற ஏழும் மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி சும்மா உட்கார்ந்திருந்தன. அவள் வேலையைப் பிரித்தாள். மேல்மலை ஓடைகள் நாலு கோருக்கு, கீழ்மலை ஓடைகள் நாலு கோருக்கு. எட்டும் ஒரே நேரத்தில் ஓடின. கண்ணை மூடித் திறப்பதற்குள் பதில் வந்தது. ஆபீசில் கேக் வெட்டினார்கள்.

இப்போது திரையில் அண்ணன் போகும் தரைப்பாலத்துக்குப் பச்சை: போகலாம். மனசு கேட்காமல் இன்னொரு முறை ஓட்டினாள். சிவப்பு. மறுபடி ஓட்டினாள். பச்சை. அதே மழை, அதே கணக்கு, ஆனால் தடவைக்கு ஒரு பதில். போனை எடுத்தாள்.

"அண்ணே, எங்க இருக்க?"

"பாலத்துக்கிட்ட வந்துட்டேன் புள்ள. பச்சைதான காட்டுது?"

"தாண்டாத! மேல மழை பேயுது."

"இங்கன பொட்டுத் தண்ணி இல்ல, தரை காஞ்சு கெடக்கு. மேல்மலையில பெஞ்சா நமக்கென்ன? அவுக சோலி வேற, நம்ம சோலி வேற."

சுசித்ராவுக்குப் பொட்டில் அறைந்தது போல இருந்தது. இந்தப் பேச்சைக் கேட்டுத்தான் அவளும் வளர்ந்தாள். மேல்மலைக்காரர்களுக்கும் கீழ்மலைக்காரர்களுக்கும் பஸ் வேறு, சந்தை வேறு, கொள்வினை கொடுப்பினைகூட அபூர்வம். அந்தப் பழக்கத்தில் தண்ணீரையும் இரண்டாகப் பிரித்துவிட்டாள். மேல்மலைக் கோர் கூட்டி முடிக்கும்வரை கீழ்மலைக் கோர் காத்திருக்க வேண்டும் என்று ஒரு வரி அவள் எழுதவே இல்லை. கீழ்மலை முந்திக்கொண்டால், மேலேயிருந்து வருவது ஒன்றுமில்லை என்று எடுத்துக்கொண்டு பச்சை காட்டிவிடும்.

"அண்ணே, மேல்மலைத் தண்ணி வேற எங்க போகும்?"

மறுமுனையில் ஜீப் இஞ்சின் நின்றது. அது நின்ற பிறகுதான் மேலேயிருந்து தண்ணீர் பாய்ந்து வரும் இரைச்சல் அவளுக்கும் கேட்டது. "எறங்குங்க! வெரசா மேட்டுக்கு ஏறுங்க!" என்று அவன் கத்தினான். பெண்கள் அலறினார்கள். பிறகு இரைச்சலைத் தவிர வேறெதுவும் கேட்கவில்லை. சுசித்ரா போனைக் காதோடு அழுத்திக்கொண்டு அழுதாள்.

வெகுநேரம் கழித்து அவன் குரல் வந்தது. மூச்சு வாங்கியது.

"எல்லாரும் மேட்டுல நிக்கிறோம். பாலத்தக் காணோம், ஜீப்பும் போச்சு." கொஞ்சம் நிறுத்தினான். "எனக்குத் தங்கச்சி இருக்கா, போன் பண்ணிட்டா. மத்த டிரைவருக்கு யாரு புள்ள பண்ணுவா?"

சுசித்ரா புரோகிராமை நிறுத்தினாள். அழுகை நிற்காமலே அடுத்த டிரைவரின் நம்பரை அழுத்தினாள்.